இரண்டாம் பருவச் செய்தி

வெள்ளிக்குள் அச்சேற வேண்டும்.
நகல் இயந்திரம் காலையிலிருந்தே இருமுகிறது.
முதல்வர் கட்பர்ட் அம்மாள் வைத்துப் போன துண்டுச் சீட்டில்:
மகிழ்ச்சியாக எழுது. ஒரே தாள், இரண்டு பக்கம்.
குழாய் வெடித்ததைப் பற்றி மூச்சு விடாதே.

விடவில்லை.

வலைப்பந்து: முப்பத்தொன்றுக்கு நான்கு என்று தோற்றோம்.
'தீரத்துடன் ஆடினார்கள்' என்று சேர்த்தேன்.
எதிரணிப் பெண்கள் ஆளுக்கொரு கதவு உயரம்.
எங்களுக்கோ ஏழாவது ஆள் இல்லை,
வைமாரியைக் கணுக்கால் கட்டோடு நிறுத்தினோம்.
நான்கில் மூன்று அவள் போட்டவை.

மூன்றாம் எண் பேருந்து:
தாம்போதி மூழ்கிய இரண்டு நாளும்
டூகல் அக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு
பிள்ளைகளுக்குச் சீட்டாடக் கற்றுக்கொடுத்தாராம்.
'பயணத்தில் தாமதம்' என்று எழுதினேன்.

அறிவியல் கண்காட்சி:
அப்பாவின் வண்டிக் கண்ணாடியில் படிந்த உறைபனியை
நாற்பது விடியல்கள் சுரண்டி எடுத்து
சமையல் தராசில் நிறுத்தான் ஃபின்டன்.
முடிவு என்ற கட்டத்தில் ஒரே வரி:
இங்கே குளிர் அதிகம்.
மூன்றாம் பரிசு.

மத்தாரிக்கி:
அறுமீன் எழுவதைப் பார்க்க
ஐந்து மணிக்கு ஆட்டுக் குன்றின் மேல் ஏறினோம்.
மேகம். மறுபடி மேகம்.
ஆனாலும் அந்த ஆண்டு போனவர்களின் பெயர்களை
ஒவ்வொருவராகச் சொன்னோம்.
வைமாரி தன் மாமன் பெயரைச் சொல்லும்போது
குரல் உடையவில்லை; டார்ச் மட்டும் நடுங்கியது.
கீழே இறங்கிப் பூசணிச் சூப் குடித்தோம்.
(சூப் தந்த பெற்றோருக்கு நன்றி.)

ஜூன் ஒன்று:
பால்பண்ணைக் குடும்பங்கள் பண்ணை மாறும் நாள்.
சாலை முழுக்க ட்ரக்குகள், அவற்றின் மேல் சோபாக்கள்,
சோபாக்களின் மேல் நாய்கள்.
பன்னிரண்டு பிள்ளைகள் போனார்கள், ஐந்து பேர் வந்தார்கள்.
பதிவேட்டில் இப்போது எண்பத்து நான்கு.
இன்னும் ஒன்றிரண்டு குறைந்தால் அரை ஆசிரியர் போய்விடுவார்.
எந்த அரை என்று அலுவலகக் கடிதத்தில் இல்லை.
'புதியவர்களை வரவேற்கிறோம்.'

அப்புறம், நெடுந்தூர ஓட்டம்.
மே பதினாறு. ஆறு கிலோமீட்டர்,
முழங்கால் அளவு சேறு, நான்கு வேலிகள்.
ரோவெலின் மக்பனுவா முதலில் வந்தாள்.
பின்னால் யாரும் வருகிறார்களா என்று
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
முப்பது ஆண்டுப் பழைய சாதனைக்குச் சொந்தக்காரர்,
இப்போது மாட்டு மருத்துவர், அவர்தான் கடிகாரம் பிடித்தவர்.
அதை இருமுறை தட்டிப் பார்த்தார்,
காதில் வைத்துப் பார்த்தார்,
பத்தொன்பது விநாடி என்றார்,
போய் அவளுக்குத் தன் கோட்டைப் போர்த்தினார்.

கோப்பையில் பெயர் வெட்டி வந்தது ஜூன் எட்டு.
ஒரு எழுத்துப் பிழையில்லை, அவ்வளவு நீளப் பெயரில்.
அவர்கள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.
அப்பாவின் எண் உபயோகத்தில் இல்லை.
எந்தப் பள்ளியும் அவள் கோப்பைக் கேட்டு
இதுவரை எழுதவில்லை, அட்டைக் கோப்பையும் சரி,
வெள்ளிக் கோப்பையையும் சரி.
ஒரு நாள் அதில் குண்டூசிகளைப் போட்டு வைத்தேன்.
மனசு கேட்கவில்லை, கொட்டிவிட்டேன்.

இரண்டாம் பக்கம் நிறைந்துவிட்டது.
எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன், கண்ணுக்கே தெரியவில்லை.
மேலே போய்
'தீரத்துடன் ஆடினார்கள்' என்பதை எடுத்தேன்.
ஆடியவர்களுக்குத் தெரியும்.
புதியவர்களை வரவேற்றதை எடுக்க முடியாது.
சூப்புக்குச் சொன்ன நன்றியை எடுத்தால் ஊரே சண்டைக்கு வரும்.
ஓரத்தைக் கொஞ்சம் நெருக்கினேன்.
கிடைத்த இடத்தில்:

தொலைந்து கிடைத்தவை:
ஒற்றைக் கையுறை ஏழு, பல்கம்பி ஒன்று,
ரப்பர் பூட்ஸ், இடது கால் மட்டும்.
மக்பனுவா குடும்பம் எந்தப் பண்ணையில் என்று
தெரிந்தவர்கள் சொல்லவும்.
அலுவலகம் காலை எட்டரை முதல் நாலு வரை.
விடுமுறையிலும் இருப்பேன்.